மதுரையில் நாங்கள் பேசிய சிங்களம்

1

இன்றைக்கு மத்தியானம் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்தபோது, கைபேசி தானாகவே ஒரு படத்தை எடுத்து நீட்டியது. 'ஒரு வருடத்துக்கு முன், இதே நாளில்' என்று மேலே எழுதியிருந்தது. வெளியே டொராண்டோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. படத்தில் மதுரை வெயில். தெப்பக்குளத்துப் படியில் நாங்கள் நாலு பேர் நிற்கிறோம்: இலங்கையில் குருவிட்டவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த என் அம்மா, குருவிட்ட டவுனில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் தம்பி ரவி, பதினைந்து வயது மகள் ஆர்த்தி, நான். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள்.

படத்தை எடுத்தவர் எங்கள் கார் டிரைவர் முருகேசன். நாலு நாள் எங்களோடு சுற்றிய மனிதர். அவரையும் ஒரு படத்தில் நிற்க வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊரில் இருக்கிற நீங்கள், வெளிநாட்டில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளுக்கு உலகமே தெரியும் என்று நினைக்கிறீர்கள். ஃபோன் எடுத்தால் ஆலோசனை கேட்கிறீர்கள். நானும் கூச்சமில்லாமல் சொல்கிறேன். அந்த மரியாதை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

மதுரைக்குப் போக ஆசைப்பட்டது அம்மா. மீனாட்சியை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றாள். பூர்வீக ஊரைத் தேடுகிற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. "அங்க யாரு நம்மள கூப்புட்டா?" என்று ஒரே வார்த்தையில் அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

போவது சுலபமாக இருக்கவில்லை. என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதியிருக்கிறது. அந்த இந்தியாவுக்குப் போக, கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற நான், பக்கம் பக்கமாக விசாப் படிவம் நிரப்பினேன். அப்பா பிறந்த இடம், அம்மா பிறந்த இடம், அவர்களுடைய முந்தைய குடியுரிமை. அம்மாவின் முந்தைய குடியுரிமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் முழித்தேன். நான் ஆறாம் வகுப்புக்குப் போகும்வரை அம்மாவுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. இலங்கையில் பிறந்து, இலங்கை ரப்பரை வெட்டி, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தவள். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அதனால்தான் அம்மா தன் முதல் கடவுச்சீட்டை அப்படிப் போற்றினாள். போன வருடம் எழுபத்து மூன்று வயதில் எடுத்தது. மதுரை ஹோட்டலில் நகல் எடுக்க இரண்டு நிமிடம் தரச் சொன்னபோது, கொடுக்கவே மாட்டேன் என்று வரவேற்பு மேசையில் நின்று அடம்பிடித்தாள். கடைசியில் அந்தப் பெண்ணோடு மெஷின் வரைக்கும் கூடவே நடந்துபோய்க் கையோடு வாங்கிவந்தாள். "ஹேண்ட்பேக்கை விட்டு அதை வெளியில எடுக்காதீங்கம்மா" என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன்.

3

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டக்காரர்களான நாங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம். கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் சிங்களம்தான். நுவரெலியாவில் இருக்கும் உறவுக்காரர்கள், நாங்கள் பேசும் தமிழில் பாதி சிங்களம் என்று கிண்டல் செய்வார்கள். உண்மைதான். ரவி கனவில்கூட சிங்களத்தில்தான் பேரம் பேசுவான். ஊரில், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் ஏதாவது பேச வேண்டுமென்றால் நாங்கள் தமிழுக்கு மாறுவோம்.

மதுரையில் இறங்கியதும் அது தலைகீழானது. சுற்றிலும் தமிழ். ரகசியம் பேச ஒரு மொழி இல்லை. காரில் ஏறி அரை மணி நேரத்தில் ரவி வழி கண்டுபிடித்துவிட்டான். முன் சீட்டில் இருந்தபடியே திரும்பி, முருகேசனின் வயிறு ஸ்டியரிங்கில் இடிப்பதைப் பற்றிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். நான் சிரித்துவிட்டேன்.

"மனுசனப் பக்கத்துல வச்சுக்கிட்டு வேற பாசையில பேசாதீங்க" என்றாள் அம்மா.

"இந்த ஊருல யாருக்கும்மா சிங்களம் தெரியப்போவுது?" என்றான் ரவி.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. முருகேசன் தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதைப் பற்றிப் பேசினோம். அவர் கூட்டிப்போன சேலைக் கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கும் என்று பேசினோம். ஆர்த்திக்கும் சிங்களம் தெரியாது என்பதால் அவளுடைய பிடிவாதத்தைப் பற்றியும், என் கணவர் வீட்டுக் கதைகளையும் தாராளமாக அவிழ்த்துவிட்டேன். கணவர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். லீவு கிடைக்காமல் டொராண்டோவிலேயே இருந்துவிட்டார். எத்தனையோ வருடம் பூட்டி வைத்திருந்த சிங்களம் எனக்கு அப்படி வாயில் வந்தது. நான் அதை அவ்வளவு ரசித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

முருகேசன் ஐம்பது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். "அங்கிட்டு நிழல் இருக்கு, இறங்குங்கம்மா," "தண்ணி வேணுமா பாப்பா" என்பதோடு சரி. ஆர்த்தி மட்டும் அவரோடு ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவளுடைய தமிழ் அப்பாவிடமும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் கற்ற யாழ்ப்பாணத் தமிழ். அவள் "ஓம் அங்கிள், அதுக்குப் பேர் என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரிப்பார்.

4

மூன்றாம் நாள் காலை அழகர் கோயிலுக்குப் போனோம். அம்மா கைப்பையைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தாள். மத்தியானத்துக்கு மேல் திருமலை நாயக்கர் மகாலுக்கு வந்து சேர்ந்தோம். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவருக்கு ஒரு வரிசை. "நாங்க தமிழ்தானே பேசுறோம், பேசாம வாங்க" என்று ரவி உள்ளூர் வரிசையில் நின்றான். சீட்டுக் கொடுப்பவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள்லாம் எந்த ஊரு?" என்றார்.

ரவி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "சிலோன் ஐயா. எங்கிட்ட பாஸ்போட் இருக்கு" என்று பெருமையாகக் கைப்பையைத் திறந்தாள்.

அது அங்கே இல்லை.

பையைத் தூணடியில் கவிழ்த்தோம். விபூதிப் பொட்டலம், மூட்டு வலித் தைலம், வெற்றிலைப் பெட்டி, இரண்டு இஞ்சி மிட்டாய். அவ்வளவுதான். நான் காருக்கு ஓடி சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடிவிட்டு வந்தேன். ரவி கைபேசியில் பார்த்து, பொலிசில் எழுதிக் கொடுக்க வேண்டும், சென்னைக்குப் போய் இலங்கைத் தூதரக அலுவலகத்தில் தற்காலிகக் கடிதம் வாங்க வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது என்றான். மறுநாள் காலை எங்களுக்கு விமானம்.

அந்த மாபெரும் தூண்களை அம்மா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தாள். "செல்வி, இப்ப நா எந்த நாட்டு ஆளுடி?" என்று கேட்டாள். "அவங்க நீ எங்க ஆளு இல்லன்னு சொன்னா நா என்னா செய்யிறது?"

அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள், கணினியில் எல்லாம் பதிந்திருக்கும் என்று விளக்கினேன். காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. இவளை மதுரைக்குக் கூட்டிவந்து பழைய பயத்தைத் திரும்ப எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

5

காரில் ஏறியதும் ரவி சிங்களத்தில் தொடங்கினான். "மூ தமய் ஹொரா." இவன்தான் கள்ளன். காலையில் நாம் கோயிலுக்குள் போன நேரம் பை இவனிடம்தானே இருந்தது. வெளிநாட்டுப் பாஸ்போட் என்றால் விற்கலாம்.

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. "காட்டிக்கொள்ளாதே. சாதாரணமாகப் பேசி பொலிஸ் ஸ்டேசன் வாசலில் நிறுத்தச் சொல்லு" என்று நானும் சிங்களத்திலேயே யோசனை சொன்னேன். கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அம்மாவின் காதில் எதுவும் விழவில்லை.

முருகேசன் ஒரு வேப்ப மரத்தடியில் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். இறங்கிப்போய் டிக்கியைத் திறந்தார். எங்கள் சேலைப் பைகளை ஒரு பக்கம் எடுத்துவைத்தார். பிறகு விரிப்பைத் தூக்கிக் காட்டினார். ஸ்டெப்னியைக்கூட வெளியே எடுத்து வைத்தார். முன்னால் வந்து, டாஷ்போர்டு பெட்டியில் இருந்த வண்டிப் பேப்பர்கள், டிபன் பாக்ஸ், துண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பானட் மேல் அடுக்கினார். கடைசியாகச் சட்டைப் பையில் இருந்ததையும் எடுத்தார். ஒரு சீப்பு, பிரஷர் மாத்திரை அட்டை, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளையின் படம்.

"நல்லாப் பாத்துக்குங்க சார்" என்றார் தமிழில். "பாத்துட்டு ஏறுங்க. ஸ்டேஷனுக்கும் போவோம். அதுக்கு முந்தி ஹோட்டல்ல ஒரு தடவ தேடிரலாம்."

ரவியின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ மூன்று நாளாகப் பேசியதெல்லாம் ஒன்றொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது. வயிறு. ஹாரன். கமிஷன். பருத்தித்துறை மாமியார். அத்தனையும் அந்த மனிதருக்கு விளங்கியிருக்கிறது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"என்ன நடந்தது? ஏன் அங்கிள் எல்லாத்தையும் வெளியில எடுக்கிறார்? மாமா என்ன சொன்னவர்?" என்று ஆர்த்தி கேட்டாள்.

சொன்னேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

அவள் சத்தம் போடவில்லை. "அம்மா, அண்டைக்கு நீங்கள் வேலையால வந்து அழுதனீங்கள் தானே?" என்றாள். "நீங்கள் பராமரிச்ச வயசான அம்மாவின்ர மகள், உங்களுக்கு இங்கிலிஷ் விளங்காது எண்டு நினைச்சு, ஹேண்ட்பேக்கைப் பூட்டி வையுங்கோ எண்டு சொன்னவ எண்டு."

ஆமாம். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. நான் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன், அவர்கள் என் முன்னாலேயே பேசினார்கள். அதை நான் ஒரே ஒரு தடவைதான் வீட்டில் சொன்னேன். இந்தப் பிள்ளை நம் பேச்சையே காதில் வாங்குவதில்லை என்று நான் எத்தனை பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன். அவள் இறங்கிப்போய், முருகேசனோடு சேர்ந்து அந்தச் சாமான்களைத் திரும்ப எடுத்து வைத்தாள்.

6

ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்து முடித்திருந்தார்கள். அலமாரி, பெட்டி, குளியலறை எல்லாவற்றையும் புரட்டினோம். முருகேசன் உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அம்மா, தலகாணி உறைக்குள்ள பாத்தீங்களா?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

உங்களில் வயதானவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். இனக் கலவரக் காலத்தில் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைக்கு எழுதிப் போட்ட ரசீது எல்லாவற்றையும் தலையணை உறைக்குள்தான் வைப்பார்கள். ஓட வேண்டி வந்தால் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் தலையணை. பெட்டியைத் தேட நேரம் இருக்காது. எனக்கு ஆறு வயதில் ரப்பர்க் காட்டுக்குள் அப்படி ஓடியிருக்கிறோம். அம்மா ஏன் சோற்றுப் பானையை விட்டுவிட்டுத் தலையணையைத் தூக்கி வருகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். அம்மாவின் கை மறக்கவில்லை. தினமும் படுக்கும்போது கைப்பையிலிருந்து எடுத்துத் தலையணைக்குள் வைத்து, விடிந்ததும் திரும்பப் பைக்குள் வைத்திருக்கிறாள். அன்றைக்கு அழகர் கோயில் அவசரத்தில் எடுக்க மறந்திருக்கிறாள். வைத்த நினைப்பே அவளுக்கு இல்லை.

படுக்கையில் புது உறைகள் போட்டிருந்தன. பழையவை கீழே பின்கட்டில், சலவைக்குப் போக மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். முருகேசன் முன்னால் ஓடினார், அந்த வயிற்றோடு. மூட்டையை அவிழ்த்து உறை உறையாக உதறினோம். எத்தனை உதறினோம் என்று தெரியாது. ஆர்த்தி பிடித்த ஓர் உறையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்று சிமெண்ட் தரையில் பொத்தென்று விழுந்தது.

அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுது முடித்துவிட்டு முருகேசனிடம் கேட்டாள்: "தம்பி, நீங்க எந்தப் பக்கம்?"

"காவத்தைப் பக்கம்மா. எனக்குப் பன்னெண்டு வயசுல குடும்பத்தோட கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க. எங்க அம்மாவும் தலகாணிக்குள்ளதான் வப்பாங்க. இங்க வந்து சாகுறவரைக்கும் அங்கதான் வச்சாங்க."

காவத்தை எங்கள் இரத்தினபுரி மாவட்டம்தான். குருவிட்டவிலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம். நான் கை கூப்பினேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை, வார்த்தை கோர்வையாக வரவில்லை. ரவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

"கமக் நே, நங்கி" என்றார் முருகேசன். பரவாயில்லை, தங்கச்சி. எங்கள் பக்கத்துக்காரர்கள் சொல்கிற அதே இழுவையில் சொன்னார். பாதையில் காலை மிதித்துவிட்டவளிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

7

மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் யாரும் சிங்களம் பேசவில்லை. தமிழும் அதிகம் பேசவில்லை. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு முருகேசன் விடைபெற நின்றார். மனதை அரித்துக்கொண்டிருந்ததை நான் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நாங்க வாய மூடிக்கிட்டு இருந்திருப்போம்."

"அதுனாலதாம்மா சொல்லல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், திரும்ப விரித்தார்.

"எங்க அம்மாதான் எங்கிட்ட சிங்களம் பேசுவாங்க. அதுவும் கோவம் வந்து திட்டுறப்ப மட்டும். அவங்க போயி பதினாறு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரி இந்த ஊரு. புள்ளைகளுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க வண்டியில ஏறி ரெண்டு வார்த்த பேசுனதும், இன்னும் கொஞ்சம் பேச மாட்டாங்களான்னு இருந்துச்சு. என் வயித்தப் பத்திப் பேசுனாலும் பரவாயில்லன்னு இருந்துச்சு. எனக்குத் தெரியும்னு சொன்னா நீங்க நிறுத்திப்புடுவீங்கல்ல?"

ரவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஆர்த்தி என்னைப் பார்த்தாள். அந்த மனிதர் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டிருந்தால்கூட, அந்த நேரத்தில் எந்த மொழியும் எனக்கு வந்திருக்காது.

அம்மா கடவுச்சீட்டை என் கையில் திணித்தாள். நான் கேட்காமல் அவளாகக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு முருகேசனுக்கு எதிரே போய் நின்றாள்.

"அய் புத்தே நொகிவ்வே?" என்றாள். ஏன் மகனே சொல்லவில்லை?

அம்மா குரலை உயர்த்தினாள். எல்லாம் சிங்களத்தில். நீ ஒரு மடையன், பெரிய மடையன். இந்த இரண்டு கழுதைகளும் கண்டபடி பேசும்போது வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? ஒரு சத்தம் போட்டிருந்தால் இவர்களை நான் அங்கேயே இறக்கி நடக்க விட்டிருப்பேன். பிரஷருக்கு மாத்திரை போடுகிறவன் நேற்று டீக்கடையில் இரண்டு வடை தின்றாயே, எனக்குக் கண் தெரியாதா? பிள்ளையின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இப்படியா உடம்பைப் பார்ப்பாய்? உன் அம்மா இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உள்ளே போக நேரமாகிவிட்டது என்று ரவி இரண்டு தடவை கூப்பிட்டான். அம்மா நிறுத்தவில்லை. முருகேசன் தலையைக் குனிந்து, கண்ணில் வழிவதைத் துடைக்காமல், ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றார்.